பாலத்துக் கரும்பலகை

ஜூன் 4

அன்புள்ள அண்ணி,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் உங்கள் அக்கா வீட்டு முகவரிக்குத்தான் போட்டேன். கிடைத்தும் பதில் போடவில்லை என்றால் அது என் தலையெழுத்து.

அண்ணன் போய் இன்றோடு மூன்று மாதம். நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய் இரண்டரை மாதம். வாரம் ஒரு தடவை போய்க் கூட்டிவிட்டு வருகிறேன். எலி வரவில்லை. கூரையில் ஓர் ஓடு நகர்ந்திருந்தது, சரி செய்யச் சொன்னேன்.

சங்கம் நடக்கிறது. முன் அறையில் மதியம் எழுத்து வகுப்பு, நடு அறையில் தறி, பின்னால் மேளக்கொட்டகை. எல்லாம் அப்படியேதான். கொட்டகையில் மட்டும் யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை. மேளம் பழகுகிறவர்கள் வருகிறார்கள், தோலுக்குச் சூடு காட்டுகிறார்கள், அடிக்கிறார்கள். ஆனால் பெரிய மேளம் இல்லாமல் அடி நொண்டுகிறது.

அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். ஜூலை இருபதாம் தேதி சங்கத்தின் பத்தாம் ஆண்டு விழா. கொட்டகைக்கு அண்ணன் பெயரை வைப்பது என்று குழுவில் முடிவாகியிருக்கிறது. அவன் படத்தையும் அவன் வாங்கிய எழுத்தறிவுச் சான்றிதழையும் சட்டம் போட்டு மாட்டவேண்டும் என்று தலைவர் சொல்கிறார். சான்றிதழும் பெரிய மேளமும் உங்களிடம் இருக்கின்றன. அனுப்பி வைப்பீர்களா? நீங்களே கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் நாத்தனார்.


ஜூன் 15

டீச்சர் அவர்களுக்கு,

மூன்று கடிதமும் கிடைத்தன. பதில் போடத் தெரியாமல் இல்லை. எனக்கு எழுதச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தானே. நீங்கள் சொல்லிக் கொடுத்த தமிழிலேயே உங்களைத் திட்டப் போகிறேன். பிழை இருந்தால் சுழித்து வையுங்கள்.

நான் துணி தேய்க்கிற கடையில் வேலை செய்கிறேன். காலர் முதலில், பிறகு தோள், பிறகு கை, கடைசியில் முதுகு. எந்தத் துணி யாருடையது என்று மாறிப்போகாமல் இருக்கக் காலருக்குள் பேனாவால் எண் போடுகிறோம். ஒரு நாளைக்கு நூறு சட்டை. நூறு சட்டையும் ஆம்பளைச் சட்டை. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

மேளம் அக்கா வீட்டில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நிற்கிறது. மாமா இரண்டு தடவை காலில் இடித்துக்கொண்டார். "வீட்டுல ஒரு ஆளு கூடுதலா நிக்கிற மாதிரி இருக்கே" என்றார். ஆமாம், ஆள்தான் என்றேன். அதைத் தர மாட்டேன்.

முப்பத்தெட்டு வருஷம் அந்த மேளம்தான் பாலத்தைக் காத்தது. மழையில் தொங்குபாலத்து வடம் தளர்ந்தால் அவர் பாறைமேல் ஏறி அடிப்பார். மூன்று அடி, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று அடி. பாலத்துப் பக்கம் வராதே என்று அர்த்தம். கைக்குழந்தைக்கும் தெரியும். ஆட்டுக்கும் தெரியும் என்பார் அவர். ஒரு உயிர் போனதில்லை. அப்புறம் நீங்கள் கூட்டத்தில் எழுந்து நின்றீர்கள். "எல்லாருக்கும் படிக்கத் தெரிஞ்ச ஊருல எதுக்கு இன்னும் மேளம் அடிச்சுச் சொல்லணும்? கரும்பலகை வச்சு எழுதிடுவோம். மேளம் கலை, அது மேடைக்கு வரட்டும்" என்றீர்கள். முதலில் கை தட்டியவர் அவர்தான். தட்டாமல் வேறு என்ன செய்வார்?

நாலு பேர் நாலு விதமாகப் பேசவில்லை டீச்சர். எல்லாரும் ஒரே விதமாகத்தான் பேசினார்கள். "படிச்ச மனுஷன். பலகை கண்ணுக்கு முன்னாடி இருக்கு. படிச்சுட்டும் பாலத்துல ஏறியிருக்கான்னா வேணும்னேதான் ஏறியிருக்கான். காலையில வீட்டுல சண்டையாம், பொண்டாட்டி வாய் தாங்காமப் போயிட்டான்." துக்கத்துக்கு வந்த இடத்திலேயே இதைச் சொன்னார்கள். நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். கேட்டாய். வாயைத் திறந்தாயா? பார், கோபத்தில் "நீ" வந்துவிட்டது. வரட்டும்.

அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டினால், அவர் தெரிந்தேதான் செத்தார் என்று ஊருக்கு எழுதி மாட்டின மாதிரி.

நான் கேட்பது ஒன்றுதான். அவருக்குப் படிக்கத் தெரியுமா, தெரியாதா? கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் கொடுத்தவள் நீ. ஒரு வரியில் பதில் எழுது.

இப்படிக்கு,
உன்னிடம் படித்தவள்.


ஜூன் 27

அண்ணி,

தெரியாது.

இந்த ஒரு வரியை எழுத எனக்குப் பத்து நாள் ஆயிற்று. இனி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசிப் பரீட்சையில் ஆறாம் பாடத்தை வாசிக்கச் சொன்னேன். கணீரென்று வாசித்தான். நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினான். பக்கம் முடிகிற இடத்தில் சரியாகப் பக்கத்தைத் திருப்பினான். ஒரு பிசிறு இல்லை. ஆனால் அவன் முன்னால் விரிந்திருந்தது ஏழாம் பாடம். மேளக்காரனின் காது அண்ணி, வகுப்பில் மற்றவர்கள் வாசித்ததைக் கேட்டுக் கேட்டே முழுப் புத்தகத்தையும் மனதில் ஏற்றி வைத்திருக்கிறான். நான் பக்கத்தைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவன் பார்த்தான். பிறகு சிரித்தான். "என்ன டீச்சரம்மா, பாஸா?" என்றான்.

"பாஸ்ணே" என்றேன்.

இருநூற்றுப் பத்துப் பேர் தேறியாயிற்று, அவன் ஒருவன்தான் பாக்கி. முழு ஊரும் எழுத்தறிவு பெற்றது என்று தகரப் பலகை அடித்து வந்துவிட்டது. வெளியூரிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள். இதெல்லாம் காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதெல்லாம் இல்லாவிட்டாலும் பாஸ் என்றுதான் சொல்லியிருப்பேன். மலைக்குப் பள்ளிக்கூடம் வந்த வருஷம் அவனுக்குப் பத்து வயது, எனக்கு ஐந்து. அந்த வருஷம்தான் அப்பா படுத்தார். இரண்டு பேரில் ஒருவர்தான் பள்ளிக்கூடம் போக முடியும். அவன் மேளத்தை எடுத்துக்கொண்டான். என்னைத் தோளில் தூக்கிப்போய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பி நடந்தான். அவனைப் பார்த்து "உனக்குத் தெரியாது, உட்கார்" என்று எந்த வாயால் சொல்வேன்?

பாலம் அறுந்து அண்ணன் விழுந்த அன்று நடந்ததும் உங்களுக்கு முழுதாகத் தெரியாது. காலையில் அவன் பாலத்தைக் கடந்து கொட்டகைக்கு வந்தபோது பாலம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்பது மணிக்குப் பாலம் மேஸ்திரி வந்து, உங்கள் கரைப் பக்கத்து வடம் விடுகிறது என்றார். கம்பி எடுத்து வரச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். நான் பாலத்துக் கரும்பலகையில் எழுதினேன்: "பாலம் பழுது. யாரும் கடக்க வேண்டாம்." எழுத்து அழகாக வந்தது என்றுகூட நினைத்தேன். ஒரு கயிறு குறுக்கே கட்டியிருக்கலாம். கட்டவில்லை. சங்கத்து முன் அறைக்குத் திரும்பினேன். அண்ணன் பின் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து தோல் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். இருபது அடி தூரம். "அண்ணே, பாலம் சரியில்லை" என்று ஒரு வார்த்தை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. எழுதிவிட்டோமே என்று இருந்துவிட்டேன். அவனுக்குப் படிக்க வராது என்று தெரிந்த ஒரே ஆள் நான், அண்ணி. எனக்கே அது அந்த நேரம் மறந்துபோயிற்று.

ஒரே ஆள் என்று எழுதிவிட்டேன். அதுவும் பொய். அவன் வீட்டுப்பாட நோட்டு என்னிடம் இருக்கிறது. அவ்வளவு ஒழுங்கான எழுத்து. "ழ"வின் வாலை அப்படிக் கீழே நீட்டி இழுப்பது என் வகுப்பில் ஒருவர்தான். அது நீங்கள்.

இதை விழாவில் சொன்னால் மற்ற இருநூற்றுப் பத்துப் பேரின் சான்றிதழையும் ஊர் சந்தேகப்படும். கஷ்டப்பட்டு உண்மையாகவே படித்தவர்கள் அவர்கள். அவர்களை நினைத்தால் வாய் வரவில்லை. சொல்லாவிட்டால் அண்ணன் பெயர் போகிறது. என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

நாத்தனார்.


ஜூலை 8

டீச்சருக்கு,

கண்டுபிடித்துவிட்டாய். நோட்டைத் திருத்தும்போதே கண்டுபிடித்திருப்பாய், சொல்லாமல் இருந்திருக்கிறாய். நான் என்னவோ பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம், ஒன்று விடாமல் நான்தான் எழுதினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவித் தருவார். நான் எழுத எழுத, "அடடா, என் கையெழுத்து எவ்ளோ அழகா இருக்கு பாரு" என்பார். சிரிப்பேன். சிரித்துச் சிரித்தே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டோம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். "முக்கியமா பாப்பாகிட்ட சொல்லிடாத. அவ படிப்பு நான் போட்ட படிப்பு. அவ முன்னாடி நான் தெரியாதவனா நிக்கக் கூடாது." உன்னை அவர் வீட்டில் டீச்சர் என்று சொன்னதே இல்லை. பாப்பாதான்.

சான்றிதழ் வாங்கியதிலிருந்து சட்டைப் பையில் ஒரு பேனாவைக் குத்திக்கொண்டு திரிந்தார், பார்த்திருப்பாய். டீக்கடையில் பேப்பரை விரித்துப் படத்தை வைத்தே நியூஸ் சொல்லுவார். என்றைக்காவது யாராவது ஒரு தாளை நீட்டி வாசி என்றால் என்ன ஆவது? அதனால் ஒரு புது நோட்டு வாங்கினேன். இனிமேல் உங்களுக்காக ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன், நீங்களே படியுங்கள் என்று உட்கார வைத்தேன். தினமும் கண்ணில் படுகிற சாமானாக இருக்கட்டும் என்று "பாலம்" எழுதிக் கொடுத்தேன். மூன்று நாள், அந்த ஒரே சொல். கோணலும் மாணலுமாகப் பார்த்து எழுதுவார். நோட்டை மூடிவிட்டு என்ன எழுதினீர்கள் என்றால் முழிப்பார். முப்பது தாளத்தை மனதில் வைத்திருக்கிற ஆள், மூன்று எழுத்து நிற்கவில்லை.

நாலாவது நாள் காலையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "நாலு எழுத்து தெரியாத ஆளுக்குச் சட்டையில எதுக்குப் பேனா?" என்று கத்தினேன். பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். அவர் பேனாவை எடுத்து ஜன்னலில் வைத்தார். தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். அதனால் ஊர் சொல்கிறபோது எனக்கு ஓங்கி மறுக்க முடியவில்லை. ஒருவேளை பழுது என்று வேறு யாராவது சொல்லி அவருக்குத் தெரிந்திருக்குமோ, என் வாய்க்குப் பயந்துதான் போய்விட்டாரோ என்று சட்டை தேய்க்கும்போதெல்லாம் நினைக்கிறேன். இதை அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.

என்ன செய்யட்டும் என்று கேட்டாய். சொல்லிவிடு. நீ பாஸ் போட்டதையும் சொல், நான் நோட்டு எழுதியதையும் சொல். அவரிடம் செய்த சத்தியத்தை நான் உடைத்துவிட்டேன், பாவம் என்னோடு போகட்டும். படிக்கத் தெரியாதவர் என்று ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். செத்துப்போகப் பாலத்துக்குப் போனவர் என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது.

இரண்டு பேரும் சேர்ந்துதான் அவரை ஏமாற்றியிருக்கிறோம். இரண்டு பேருக்கும் அவர்மேல் அவ்வளவு பிரியம்.

அண்ணி.


ஜூலை 24

அன்புள்ள அண்ணி,

சொல்லிவிட்டேன்.

தலைவர் வரவேற்றுப் பேசி முடித்ததும் நான் எழுந்தேன். தாளில் எழுதி வைத்திருந்தேன். தாளை மடித்துவிட்டு வாயாலேயே சொன்னேன். ஆறாம் பாடம், ஏழாம் பாடம், நோட்டு, கையெழுத்து, எல்லாம். நீங்கள் சொன்னபடி உங்கள் பங்கையும் சொன்னேன். தலைவர் பக்கத்தில் வந்து, "டீச்சர், இதை இங்கயா சொல்லணும்?" என்றார். "வேற எங்கண்ணே போய்ச் சொல்றது? அவன் செத்தது இங்கதானே" என்றேன். ஒருவர் எழுந்து என்னைக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டார். கேட்கட்டும், அவருக்கு அந்த உரிமை உண்டு. தகரப் பலகையை அன்றைக்கே கழற்றிவிட்டார்கள். இனி பரீட்சை வைக்க வெளியிலிருந்து ஆள் வருவார். சான்றிதழில் என் கையெழுத்து இருக்காது.

மறுநாள் மதியம் வகுப்பு வாசலில் ஆட்கள் நின்றார்கள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்து, "எனக்கும் சரியா வராது டீச்சர்" என்றார்கள். பதினொரு பேர். அண்ணி, பதினொரு பேர்! முதல் எழுத்திலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறோம்.

இதை மட்டும் எழுதி முடித்திருக்கலாம். இன்னொன்று இருக்கிறது. உங்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்தேன். மறைத்து மறைத்துத்தான் இந்தக் கதிக்கு வந்தோம், அதனால் எழுதுகிறேன்.

எல்லாரும் போன பிறகு ஆடு மேய்க்கிற அக்கா மட்டும் நின்றார். அன்று பதினொரு மணிக்கு அவர் பாலத்துக்கு மேலே சரிவில் இருந்திருக்கிறார். அண்ணனைப் பார்த்திருக்கிறார். இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவரு பலகைக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரு டீச்சர். எழுத்துமேல விரலை வச்சு ஒண்ணொண்ணாத் தடவுனாரு. பா... ல... ம்னு சத்தமாச் சொன்னாரு. திரும்பச் சொன்னாரு. அப்புறம் ஒரு குதி குதிச்சாரு பாருங்க! 'பாலம்! பாலம்னு போட்டிருக்கு! நானே படிச்சுட்டேன்!'னு கத்துறாரு. யாருகிட்டக் கத்துறாருன்னு சுத்திப் பாத்தேன், ஒருத்தரும் இல்ல. 'வீட்டுல போய் அவகிட்டச் சொல்லணும், இனிமே பேனா வச்சுக்கலாம்ல'ன்னு தனக்குத்தானே பேசிக்கிட்டு ஓடுனாரு. சின்னப் பிள்ளை ஓடுற மாதிரி ஓடுனாரு. பலகையில என்ன எழுதியிருக்குன்னு எனக்கு மேலேருந்து தெரியல. மேளம் அடிக்கல, அதனால பாலம் நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சுட்டேன்."

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவரு படிச்சதை நான் காதால கேட்டேனே டீச்சர். அதைச் சொன்னா, படிச்சுட்டேதான் போயிருக்காருன்னு ஊரு முடிவே கட்டிடும். அதான் வாயை மூடிக்கிட்டேன். நேத்து நீங்க சொன்னப்பதான் புரிஞ்சுது, அவருக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வார்த்தைதான்னு." அவரும் அண்ணன் பெயரைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்திருக்கிறார். இப்போது எல்லாரிடமும் சொல்கிறார். டீக்கடையில் அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

நான்தான் முதல் சொல்லாகப் "பாலம்" என்று எழுதினேன். "யாரும் கடக்க வேண்டாம்" என்று ஆரம்பித்திருந்தால் அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, என்னிடம் கேட்கத் திரும்பி வந்திருப்பான். இதை எத்தனை விதமாக எழுதிப் பார்த்தாலும் அழிக்க முடியவில்லை.

அவன் உங்கள்மேல் கோபமாகப் போகவில்லை அண்ணி. உங்களிடம்தான் ஓடி வந்துகொண்டிருந்தான்.

உங்கள் நாத்தனார்.


ஆகஸ்ட் 5

பாப்பாவுக்கு,

கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். ஒரு சட்டை தீய்ந்துவிட்டது. முதலாளியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் துணி மூட்டைமேல் உட்கார வைத்தார். பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தேன்.

ஐந்து மாதமாக எனக்கு அழுகையே வரவில்லை. வந்தது. நல்லது என்கிறார் அக்கா. என்ன நல்லதோ.

அன்று பதினொரு மணிக்கு நான் வாசலில்தான் நின்றேன் பாப்பா. சோற்றை மூடி வைத்துவிட்டு, வந்தால் சமாதானமாகப் போய்விடலாம் என்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவு மறைக்கிறது, பாலம் தெரியாது. கொஞ்சம் முன்னால் நடந்து வந்து நின்றிருந்தால் வடம் தளர்ந்தது கண்ணில் பட்டிருக்கும், கத்தியிருப்பேன். அவர் எதைச் சொல்ல வந்தாரோ, அதை நீ எழுதி அனுப்பிவிட்டாய். இனி அந்த முதல் சொல்லை நீயும் அழித்து அழித்து எழுதாதே. அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

வருகிற சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். மேளம் கனம், இறக்க ஆள் அனுப்பு. கொட்டகையில் வைக்க வேண்டாம். பாறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூரை போடச் சொல். பாலம் சரியில்லை என்றால் முதலில் மேளம், அப்புறம் உன் பலகை. மூன்று அடி, ஒரு நிறுத்தம், மூன்று அடி. அடிக்க ஆள் இல்லையென்றால் நான் அடிக்கிறேன். சான்றிதழைக் கொண்டுவர மாட்டேன், அடுப்பில் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அவர் பேனாவையும் அந்தப் புது நோட்டையும் இங்கே கொண்டு வந்திருந்தேன். இத்தனை நாள் பிரிக்கவில்லை, நேற்றுப் பிரித்தேன். மூன்றாம் நாள் பக்கத்தில் கடைசியாக எழுதிய "பாலம்" அவ்வளவு கோணல், "ல" படுத்துக் கிடக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு "சரி" போட வேண்டும் போல இருந்தது. அவர் ஜன்னலில் வைத்துவிட்டுப் போன பேனாவால் போட்டுப் பார்த்தேன். மை காய்ந்துபோயிருந்தது. கடையில் காலருக்கு எண் போடுகிற பேனாவால் போட்டேன். அந்த மை துவைத்தாலும் போகாது.

அண்ணி.